காதால் வண்டி பார்ப்பவன்

என் தங்கை கணவனை எல்லோரும் 'காது' என்று கூப்பிடுவார்கள். கிண்டலாக ஆரம்பித்தது. அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, ஷெட் கதவில் ஒரு பெரிய காது படமே வரைந்து வைத்துவிட்டான். நேரில் பார்த்தால் அவனை 'தம்பி' என்று கூப்பிடுவேன், 'நீங்க' போட்டுத்தான் பேசுவேன். மனசுக்குள் பதினோரு வருஷமாக அவன், இவன்தான். இங்கே மனசுக்குள் இருப்பதையே எழுதுகிறேன்.

கார் மெக்கானிக். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். கிளம்பாத வண்டி ஒன்றை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தால் மற்ற மெக்கானிக்குகள் என்ன செய்வார்களோ அதில் ஒன்றைக்கூட அவன் செய்யமாட்டான். பானெட்டைத் தூக்குவான். கண்ணை மூடுவான். ஒரு விரலை உயர்த்திக் காட்டுவான், சுற்றியிருப்பவர்கள் மூச்சுகூட விடக்கூடாது என்று அர்த்தம். பிறகு "திருப்பு" என்பான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் சாவியைத் திருப்ப, வண்டி கர்ர்ர் கர்ர்ர் என்று இழுக்கும், பிடிக்காது. "ம்" என்பான். "இன்னொரு தடவை." மறுபடி கர்ர்ர். தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பான். கடைசியில் கண்ணைத் திறந்து தீர்ப்பு சொல்வான். "பிளக் போயிருக்கு." வண்டிக்காரர் புல்லரித்துப்போய் நிற்பார். காதில் பூ சுற்றுவது என்றால் என்ன என்று தெரியாதவர்கள் அந்த ஷெட்டுக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கலாம்.

சாவி திருப்புகிறவர் யார் என்று கேட்கிறீர்களா? என் தங்கைதான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அதுதான் உத்தியோகம். ஷெட்டை ஒட்டிய வீட்டிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, யாருடைய காரிலோ ஏறி உட்கார்ந்து, அவன் விரலைப் பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்புவாள். இவனிடம் அவள் எதில் மயங்கினாள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவள் ஸ்கூட்டர் அவன் ஷெட் வாசலில் நின்றுபோனதாம். அவன் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "வண்டி அழுவுதுங்க" என்றானாம். இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. பெட்ரோல் தீர்ந்துபோன ஸ்கூட்டர் அது என்று அடுத்த தெருவில் நின்றிருந்த எனக்கே தெரியும்.

இவ்வளவு பேசுகிறாயே, நீ யார் என்றால், நான் மெயின் ரோட்டில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டரில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள். ஒரு மெக்கானிக்கின் லட்சணம் அவனுடைய ஷெட்டில் தெரியாது, எங்கள் கவுண்டரில் தெரியும். வேலை தெரிந்தவன் ஒரு வண்டிக்கு ஒரு தடவை வருவான், ஒரு பார்ட் வாங்குவான், போய்விடுவான். தெரியாதவன் மூன்று தடவை வருவான். நம்முடைய ஆள் ஐந்து தடவை வருவான், ஐந்து தடவையும் அதே நிச்சயத்தோடு வருவான். எங்கள் கடையில் டெஸ்ட் லாம்ப் என்று ஒன்று தொங்கும். ஒரு முனையில் ஊசி, நடுவில் சின்ன பல்ப், மறுமுனையில் ஒயர். கரண்ட் வருகிறதா இல்லையா என்று குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். அதை அவனிடம் ஒருதரம் காட்டினேன். "அதெல்லாம் காது கேட்காதவங்களுக்கு அக்கா" என்றான். கவுண்டரில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். அத்தோடு விட்டானா? "நீங்க பெட்டி மேல இருக்கிற நம்பரைப் படிங்க, இன்ஜினை நான் படிச்சுக்கிறேன்" என்று வேறு சொன்னான். ஆறு பேரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து என் முதலாளியும் சிரித்தார். அன்றிலிருந்து அவனைப் பார்த்தாலே என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

இந்தக் காது மகிமை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கான்ட்ராக்டரின் கார் குலுங்கிக் குலுங்கி ஓடியது. இவன் அப்போது வேறொருவர் ஷெட்டில் எடுபிடி. வாய் சும்மா இருக்காமல், "ரெண்டாவது சிலிண்டர் அடிக்கலை" என்றான். பிரித்துப் பார்த்தார்கள், ரெண்டாவது சிலிண்டர்தான். கான்ட்ராக்டர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காரில் மொத்தமே நாலு சிலிண்டர். நான் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்திருந்தால்கூட நாலு தடவையில் ஒரு தடவை சரியாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒரு தட்டலில் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டான்.

தங்கை சாவி திருப்பித் திருப்பியே வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டாள். நன்றாகவே ஓட்டுவாள். போன வருஷம் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தம், மற்ற சாம்பிள்களையெல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சுற்று. கார் நம்முடையதாக இருக்கவேண்டும், பின்சீட்டில் அந்தப் பெட்டியை வைக்க அவர்களே ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுப்பார்கள். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் நிரந்தரம். தொடர்ந்து மூன்று நாள் வண்டி வராவிட்டால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். லேபில் கொடுத்த போட்டோ அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சமைத்தாள் என் தங்கை. அவள் தனக்கென்று ஒரு வேலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு போன் செய்தாள்.

"அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆகலை."

"செல்ஃப் அடிக்குதா?"

"நல்லா அடிக்குது. சுத்துது, பிடிக்க மாட்டேங்குது."

கவுண்டரில் கேட்கிற பழக்கத்தில் கேட்டேன். பெட்ரோல் இருக்கா, லைட் நல்லா எரியுதா, கடைசியா எப்ப ஓட்டினே.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தான் வந்து நின்னுச்சு. வாசல்லதான் நிறுத்தியிருந்தேன். அப்புறம் எதிர்வீட்டுக்காரர் வேனை ரிவர்ஸ் எடுக்கிறேன்னு பின்னாடி டொம்முன்னு இடிச்சிட்டார். பம்பர்ல ஒரு கீறல், அவ்வளவுதான்."

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மாடல் காரில் டிக்கியின் இடதுபக்க ஓரத்தில், கார்ப்பெட் துணிக்குப் பின்னால், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. வண்டி எங்காவது பலமாக மோதினால் அது தானாகவே பட்டென்று மேலே எழும்பி, பெட்ரோல் பம்புக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். விபத்தில் பெட்ரோல் ஒழுகித் தீப்பிடிக்கக்கூடாது என்பதற்காக. நிற்கிற வண்டியைப் பின்னால் வந்து இடித்தாலும் சிலசமயம் எழும்பிவிடும். அதன் தலையில் ஒரு சிவப்பு பட்டன். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் தீர்ந்தது வேலை. பத்தொன்பது வருஷத்தில் அந்த சுவிட்சை இரண்டே பேருக்கு விற்றிருக்கிறேன். இரண்டு பேரும் பெட்டியைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள், அழுத்தியதுமே சரியாகிவிட்டது என்று.

சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது போனில் அவன் குரல் கேட்டது. "யாரு, அக்காவா? பார்ட்டை ரெடியா எடுத்து வைக்கச் சொல்லு. வண்டியை நான் பார்த்துக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்கு வந்தான். "பெட்ரோல் பம்ப் போயிடுச்சு அக்கா. கேட்டதும் பிடிச்சிட்டேன்." காதோ, குருட்டாம்போக்கோ, பக்கம் என்னவோ சரிதான். பெட்ரோல்தான் வரவில்லை. ஆனால் பம்ப் போகவில்லை, பம்புக்கு கரண்ட் போகவில்லை. பின்சீட்டைக் கழற்றி, அந்த ஒயரில் டெஸ்ட் லாம்பைக் குத்தியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதுகூட வேண்டாம். சாவியைப் பாதி திருப்பினாலே பின்சீட்டுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று ரெண்டு செகண்டு பம்ப் ஓடும் சத்தம் கேட்கவேண்டும். அது கேட்கவில்லை. இருக்கிற சத்தத்தில் ஆயிரம் குறை கண்டுபிடிக்கிறவனுக்கு இல்லாத சத்தம் தெரியவில்லை பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

"கரண்ட் வருதான்னு பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"கேட்டேன் அக்கா" என்றான்.

புது பம்பை எடுத்துக் கொடுத்தேன். மாட்டினான். புதுசும் பழசைப் போலவே பேசாமல் உட்கார்ந்துகொண்டது. இங்கேதான் அவனுடைய பெரிய தத்துவம் வருகிறது. மாற்றிய பார்ட்டை மறுபடி சந்தேகப்படக்கூடாது என்பது அவன் கட்சி. பம்ப் மாற்றியாகிவிட்டது, எனவே பெட்ரோல் வருகிறது, எனவே நெருப்புதான் இல்லை. மத்தியானம் நாலு பிளக் வாங்கிப்போனான். சாயங்காலம், பிளக்குக்கு கரண்ட் அனுப்பும் காயில் ஒன்று. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து, நெருப்புப்பொறி வருகிறதா என்று பார்க்க எத்தனை நேரம் ஆகும்? கேட்டால், "சத்தத்திலேயே தெரியுதே அக்கா, பொறி வீக்கா இருக்கு" என்கிறான். வெள்ளிக்கிழமை காலையில் கிராங்க் சென்சார். பத்தாதற்கு விடாமல் செல்ஃப் அடித்ததில் பேட்டரியும் இறங்கிப்போய், யாரிடமோ இரவல் பேட்டரி வாங்கி வைத்தான். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவன் கேட்கட்டும் என்று இருந்தேன். "அக்கா, என்னவா இருக்கும்?" அவ்வளவுதான். கவுண்டரில் நாலு பேர் நிற்கும்போது அவன் வாயிலிருந்து அது வரவேண்டும். நான் என்ன சொல்வேன், எப்படி நிதானமாகச் சொல்வேன், சொல்லிவிட்டு எப்படி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவேன் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். ரெண்டு நாளாக அந்த நினைப்பே எனக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கை போன் செய்தாள். காலையில் ஒரு டாக்சி பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஸ்டாண்டு இல்லாத வண்டியில் சாம்பிளை ஏற்றமாட்டோம் என்று கிளினிக்கிலேயே சொல்லிவிட்டார்களாம். லேப் சூப்பர்வைசர் போன் செய்து, சனிக்கிழமை நாலு மணிச் சுற்றுக்கு வண்டி வராவிட்டால் மூணு நாள் கணக்காகிவிடும் என்றிருக்கிறார்.

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வண்டியோட கம்ப்யூட்டர் போயிருக்கும்ங்கிறார்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள், பாவம். எப்போதும் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவனைப் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியிருக்கலாம். டிக்கியில் ஒரு பட்டன் இருக்கு பாரு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லியிருந்தால் அவள் போய் அழுத்துவாள், வண்டி கிளம்பும், அவன் "நான் மாத்தின பம்ப் இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிவான். அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கலாம், விடு" என்று சொல்லி போனை வைத்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவன் வந்தான். ரெண்டு நாள் தாடி. கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. பின்சீட்டுத் தகரம் கிழித்து விரல்களில் துணி சுற்றியிருந்தான். கவுண்டரில் மூன்று பேர் இருந்தார்கள். நான் எதிர்பார்த்த கூட்டம்தான்.

"அக்கா, இந்த மாடலுக்குக் கம்ப்யூட்டர் இருக்கா?"

"ஆர்டர் போடணும். ரெண்டு நாள் ஆகும்."

"நாலு மணிக்குள்ள வேணும்."

"எப்படித் தம்பி வரும்?"

அவன் போகவில்லை. கவுண்டர் கண்ணாடியைத் துணி சுற்றிய விரலால் தேய்த்துக்கொண்டு நின்றான். "அவ மூஞ்சியைப் பார்க்க முடியலை அக்கா" என்றான் மெதுவாக.

கேட்டதற்குச் சமம்தானே அது? கொஞ்சம் ஈரமுள்ள எவளாக இருந்தாலும் அங்கேயே சொல்லியிருப்பாள். நான் குனிந்து, பார்ட் நம்பர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'என்னவா இருக்கும்' என்று இன்னும் அவன் கேட்கவில்லையே. அவன் போய்விட்டான்.

மத்தியானம் கிளம்பி நேரில் போய் அழுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும், நாலு மணிச் சுற்றைப் பிடித்துவிடலாம். சொல்வதைவிட எல்லோர் முன்னாலும் போய் அழுத்துவது இன்னும் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. மூன்று மணிக்கு ஒருவர் வைப்பர் பிளேடு கேட்டு வந்தார். அது பொருந்தவில்லை, வேறு எடுத்தேன். முதலாளி ஏதோ கேட்டார். பஸ் லேட். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஷெட்டில் நான் கால் வைத்தபோது மணி நாலரைக்கு மேல் ஆகியிருந்தது.

அவன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கிடந்தான், வெளியே ரெண்டு கால் மட்டும் தெரிந்தது. தங்கை டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன். இடதுபக்கத் துணியை விலக்கினேன். சிவப்பு பட்டன் எழும்பி நின்றது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டக்.

"திருப்பு" என்றேன்.

பின்சீட்டுக்கு அடியில் பம்ப் 'ஸ்ஸ்' என்றது. அடுத்த நொடி வண்டி கிளம்பி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. டாஷ்போர்டில் தலையை இடித்துக்கொண்டு அவன் எழுந்து ஓடிவந்தான். பட்டனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பட்டனை மறுபடி பார்த்தான்.

"பெட்ரோல் பக்கம்தான்னு முதல் நாளே சொன்னேன்ல!" என்றான்.

எந்தக் காலத்திலும் உருப்படமாட்டான் என்று நினைத்துக்கொண்டு, சேர்ந்து சிரிக்கலாம் என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"நாலே காலுக்கு போன் வந்துச்சு அக்கா. வேற ஆள் போட்டுட்டாங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த பட்டன் எதுக்கு எழும்பும்?"

"பின்னாடி இடிச்சா."

"இடிச்சார்னு வியாழக்கிழமை காலையிலயே உன்கிட்ட சொன்னேனே."

"சட்டுன்னு ஞாபகம் வரலை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் குறுக்கே வந்தான். எனக்காகப் பரிந்து பேச வந்தான், அந்த மடையன். "என்ன பேச்சு பேசறே நீ? தெரிஞ்சிருந்தா அக்கா சொல்லாம இருப்பாங்களா? அவங்க உனக்குக் கெடுதல் நினைப்பாங்களா? கடையை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்து சரி பண்ணிக் கொடுத்திருக்காங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மூணு நாளா அவ சரியா சாப்பிடலை" என்றான். எனக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டான். கிரீஸ் பட்டிருந்ததால் தன் சட்டையைக் கழற்றி அதைத் துடைத்தான். பிறகு கை கழுவக் குழாயடிக்குப் போனான்.

அவனைப் பற்றி நான் நினைப்பதில் ஒன்றும் மாறிவிடவில்லை. அரைவேக்காடு அரைவேக்காடுதான். ஆனால் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தங்கை கதவைத் திறந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவனுக்குக் கேட்காதபடி, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"உனக்குத் தெரியாதுன்னே அவர் நினைச்சுக்கட்டும் அக்கா. நீ எதுவும் சொல்லிடாதே."

சொல்லிவிட்டு, பின்சீட்டில் இருந்த ஐஸ் பெட்டியை ஸ்டாண்டிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். லேபில் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். "பரவாயில்லை, விடு" என்று சொல்லி அவளே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.